வயிற்றுக்குள் குழாய்: பயந்து தள்ளிப் போடாதீர்கள்!

வயிற்று வலி. நெஞ்செரிச்சல். சாப்பிட்டால் மந்தம்.

மும்பையில் நேரங்கெட்ட நேரத்தில் டீயும் வடாபாவும் சாப்பிட்டு வேலைக்கு ஓடும் நம்மவர்களுக்கு இவை பழகிப்போன தொல்லைகள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துகிறார்கள்.

"எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால், பலர் மறுபடி அந்தப் பக்கமே போவதில்லை. குழாய் விட்டால் மூச்சு நின்றுவிடும் என்று பயம்!

மூச்சு நிற்காது. குழாய் போவது உணவுக் குழாய் வழியாக. மூச்சுக் குழாய் வேறு.

முதலில் விழுங்கியவர்

இந்த வளையும் குழாயை உருவாக்கியவர்களில் ஒருவர் டாக்டர் பாசில் ஹிர்ஷோவிட்ஸ். 1957-ல் அமெரிக்காவில் அதை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். பிறகுதான் நோயாளிக்குச் செய்தார். இன்றைய குழாய் சுமார் 1 சென்டிமீட்டர் தடிமன். நுனியில் விளக்கும் சிறிய கேமராவும் இருக்கும்.

சோதனைக்கு முன்

குறைந்தது 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. டீ, பாலும் கூடாது. தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து அலர்ஜி, ஆடும் பல், பல் செட் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். மொழி தெரியாவிட்டால், இந்தியோ மராத்தியோ பேசுகிற நண்பரை அழைத்துப் போங்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடிப்பார்கள். கசக்கும். இடது பக்கமாகப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு வளையம் வைப்பார்கள்.

'நிக்லோ' என்று டாக்டர் சொன்னால் 'வெளியே போ' என்று நினைத்து எழுந்து விடாதீர்கள். 'விழுங்கு' என்று அர்த்தம்!

குமட்டும். ஏப்பம் வரும். எச்சில் வழிந்தால் வழியட்டும். நிதானமாக மூச்சு விடுங்கள். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கிருமியோ வேறு கோளாறோ இருக்கிறதா என்று பார்க்க, சிறு சதைத் துணுக்கு எடுக்கலாம். அது வலிக்காது.

முடிந்த பிறகு

மரத்துப்போன தொண்டை சரியாகும்வரை எதுவும் சாப்பிடாதீர்கள், புரையேறும். மயக்க ஊசி போட்டிருந்தால் துணை இல்லாமல் வீடு திரும்பக் கூடாது. 24 மணி நேரம் வண்டி ஓட்டவோ இயந்திரத்தில் வேலை செய்யவோ கூடாது. அதற்கேற்ப லீவு சொல்லி விடுங்கள்.

ஓரிரு நாள் தொண்டை வலி சகஜம். கடுமையான நெஞ்சு வலி, வயிற்று வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், ரத்த வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இது அபூர்வம்.

யார் தாமதிக்கவே கூடாது?

தார் போலக் கறுப்பாக மலம் போகிறவர்கள், விழுங்கும்போது அடைக்கிறவர்கள், காரணமின்றி உடல் இளைக்கிறவர்கள்.

மாத்திரை போட்டு வலி அடங்கினால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பது புண்ணா, புற்றா என்று மாத்திரை சொல்லாது. 10 நிமிடச் சோதனை சொல்லிவிடும்.