ஒரு நிமிடக் கணக்கு

சென்ற டிசம்பரில், நாக்பூர்க் குளிரில், ஏழு மாதப் பேத்திக்குச் சளி பிடித்து இரவெல்லாம் அழுதாள். "சாம்பிராணி போடலாமா, தைலம் தடவலாமா?" என்றேன். "கைக்குழந்தைக்கு இரண்டுமே ஆகாதுப்பா" என்று மகள் தடுத்தாள். டாக்டர் முன்பே சொல்லியிருந்தபடி, பாலூட்டுமுன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டாள். அடைப்பு இளகிக் கொஞ்சம் பால் குடித்தாள். மல்லாக்கப் படுக்க வைத்ததும் உறங்கிவிட்டாள்.

அப்பாடா என்று எழுந்தேன். மகளோ என் கைக்கடிகாரத்தைக் கேட்டாள். "அழும்போது மூச்சை எண்ணினால் கணக்குத் தப்பும். இப்போதுதான் எண்ணணும்."

முழுதாக ஒரு நிமிடம் எண்ணினோம்: 56. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50ஐத் தொட்டாலே வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். இரண்டு மாதத்துக்குள் 60. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை 40. மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும் தாமதிக்கக் கூடாது.

ஆட்டோ பிடித்து ஓடினோம். ஆரம்ப நிமோனியாதான். மருந்தில் தேறிவிட்டாள்.

ரயில்வேயில் நாங்கள், வண்டி ஒழுங்காக வந்து நின்றாலும், ஆக்ஸில் பாக்ஸின் சூடு பார்க்காமல் அனுப்ப மாட்டோம். சளி பிடித்த குழந்தை உறங்கியதும், அன்பர்களே, நீங்களும் ஒரு நிமிடம் எண்ணிவிட்டுப் படுங்கள்.