வெயிலின் உச்சமும் குளிரின் எல்லையும்

ஐரோப்பா என்றதும் பனி மூடிய கூரைகளும் கம்பளி உடைகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும், 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11ஆந் திகதி, இத்தாலிக்குரிய சிசிலித் தீவிலே, புளோரிடியா என்னும் ஊரில் வெப்பநிலை 48.8 பாகை செல்சியஸைத் தொட்டது. சகாராப் பாலைவனத்தின் அனற்காற்று கடல் கடந்து வந்ததன் விளைவு அது. அதற்குமுன் 44 ஆண்டுகளாக இப்பெருமை (பெருமை என்று சொல்லலாமோ, என்னவோ!) கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகர்ப்புறத்துக்கு உரியதாயிருந்தது. 1977 யூலை 10இல் அங்கு பதிவானது 48 பாகை.

புளோரிடியாவின் கணக்கை உலக வளிமண்டலவியல் அமைப்பு உடனே ஏற்றுவிடவில்லை. கருவியையும் சூழலையும் ஆராய்ந்து, 2024 ஜனவரியிலேதான் உறுதிசெய்தது. இவ்வெச்சரிக்கை வேண்டியதே. வெயிலில் வைத்த வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது; தான் சூடேறிய அளவையே காட்டும். ஆகவே, காற்றுப் புகும் பக்கங்களையுடைய வெண்ணிறப் பெட்டிக்குள், நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் அதனை வைப்பர். இப்பெட்டியை வகுத்தவர் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ கதையை எழுதிய ரொபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தையார் இவரே என்பதை நம் மாணவர்கள் அறிந்துவைக்கலாம். ஜேர்மனியில் 2019 யூலையில் லிங்கன் என்னுமிடத்தில் பதிவான 42.6 பாகை, நிலையத்தைச் சுற்றி வளர்ந்த மரஞ்செடிகள் காற்றோட்டத்தைத் தடுத்தன என்ற காரணத்தால், அடுத்த ஆண்டு தள்ளப்பட்டது.

குளிரின் கதை வேறு. உருசியாவின் ஐரோப்பியப் பகுதியிலுள்ள உஸ்த் ஷுகோரில், 1978 டிசெம்பர் 31ஆந் திகதி, பூச்சியத்துக்குக் கீழ் 58.1 பாகை பதிவாயிற்று. பூச்சியத்துக்குக் கீழ் 39 பாகையளவிலேயே இரசம் உறைந்துவிடுமாதலால், இத்தகைய இடங்களில் மதுசார வெப்பமானியே உதவும். கடுங்குளிரைத் தேடி மலையுச்சிக்கு ஏறவேண்டும் என்பதுமில்லை. சுவிற்சர்லாந்தில் 1987 ஜனவரி 12ஆந் திகதி பூச்சியத்துக்குக் கீழ் 41.8 பாகையைக் கண்ட லா பிரெவீன் ஒரு பள்ளத்தாக்கு ஊரே. மேகமும் காற்றுமற்ற நீண்ட இரவில் பனித்தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று, தண்ணீரைப்போலப் பள்ளத்தில் வழிந்து தேங்கிவிடுகிறது.

இப்பதிவுகளை ஆண்டுவாரியாக நோக்கும்போது ஒன்று நம் கண்ணிற் படுகிறது. நோர்வேயின் குளிரெல்லை 1886ஆம் ஆண்டுக்குரியது. சுவீடனுடையது 1966ஆம் ஆண்டுக்குரியது. வெயிற் பதிவுகளோ பெரும்பாலும் இந்நூற்றாண்டுக்குரியவை. பிரான்சில் 2019இல் 46 பாகை. இங்கிலாந்தின் கொனிங்ஸ்பியில் 2022 யூலை 19இல் 40.3 பாகை. அயர்லாந்து மட்டும் விலகி நிற்கிறது. 1887இல் கில்கெனியிற் பதிவான 33.3 பாகையை அந்நாடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாண்டவில்லை.

முப்பத்துமூன்று பாகையா என்று நம்மவர் நகைக்கக்கூடும். ஆனால் அங்குள்ள வீடுகள் வெப்பத்தை உள்ளே காக்கக் கட்டப்பட்டவை, வெளியே விடுவதற்கல்ல. இதன் கொடுமையைப் பிரான்ஸ் 2003 ஓகஸ்டில் உணர்ந்தது. அவ்வெயிலில் அந்நாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர், பெரும்பாலோர் முதியோர். பாரிஸின் கூரையடி அறைகளில் இரவிலும் புழுக்கம் தணியவில்லை. மக்கள் பலர் விடுமுறைக்கு ஊர்விட்டுச் சென்றிருந்த காலமாகையால், தனித்திருந்த கிழவர் கிழவியரின் கதவைத் தட்டுவதற்கு ஆளில்லை.

அடுத்த ஆண்டிலேயே அந்நாடு வெப்ப அபாயத் திட்டமொன்றை வகுத்தது. அதன்படி, தனித்து வாழும் முதியோரும் வலுவிழந்தோரும் தம் பெயரை நகரசபையில் பதிந்துவைக்கலாம். கடும் வெயில் வருமென வளிமண்டலவியலாளர் எச்சரித்தால், அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, சபையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அவர்களை அழைத்துச் சுகம் விசாரிப்பார்.