சலக்கடுப்பு: சூடா, கிருமியா?

சலம் கழிக்கும்போது எரிவு, அடிக்கடி போகவேண்டும் என்ற அவதி, போனால் சொட்டுச் சொட்டாகவே வருதல் – இவை கண்டதும் தமிழ் வீடுகளில் எழும் முதற்பேச்சு "உடம்பிலே சூடு" என்பதாகும். பார்லி அவிக்க அடுப்பில் தண்ணீர் ஏறும். மூன்றாம் நாளும் எரிவு அடங்காவிட்டால், முன்பு எவருக்கோ கொடுத்து மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசைகள் மேசை லாச்சியிலிருந்து வெளிவரும். வைத்தியரிடம் போவது கடைசியில்தான். இங்கிலாந்துக்கு வந்து பல வருடங்களான குடும்பங்களிலும் இந்த ஒழுங்கு முற்றாக மாறிவிடவில்லை.

பார்லித் தண்ணீரைப் பழிப்பதற்கில்லை. இந்நோய் அடிக்கடி வருகின்ற, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களைக் கொண்டு பல்கேரியாவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. தினமும் மேலதிகமாக ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரி 1.7 தடவையும், மற்றவர்களுக்கு 3.2 தடவையும் நோய் வந்தது. பார்லியில்லாத வெறுந்தண்ணீரே இவ்வளவு செய்தது! (இருதய நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வைத்தியரைக் கேட்டே குடிக்கவேண்டும்.) ஆயினும் தண்ணீர் தடுப்புக்கு உதவுமேயன்றி, ஏறிவிட்ட கிருமிக்கு அதுவே மருந்தாகிவிடாது.

அக்கிருமி பெரும்பாலும் ஈ-கோலை என்னும் பக்ரீரியா ஆகும். தியோடர் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர் 1885இல் இதை விவரித்தார். குடலில் அது சாதுவாகவே வாழ்கிறது. சலக்குழாய் வழியே ஏறிச் சலப்பையை அடைந்தால்தான் தொல்லை. பெண்களின் சலக்குழாய் சுமார் 4 சென்ரிமீற்றர், ஆண்களுடையது சுமார் 20. பெண்களை இந்நோய் அதிகம் பிடிப்பதன் காரணம் இதில் பெரிதும் அடங்கியுள்ளது. மாதவிடாய் நின்றோர், நீரிழிவுக்காரர், சலப்பையில் கல் உள்ளோர், புரொஸ்ரேற் சுரப்பி வீங்கிய முதிய ஆண்கள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல்.

நோயை உறுதிப்படுத்தச் சலத்தைச் சோதிக்கவேண்டி வந்தால், அதைச் சேர்க்கும் முறையிலேயே பாதிக் காரியம் இருக்கிறது. முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதையே போத்தலில் பிடிக்கவேண்டும். முதற் குளிசையை விழுங்குமுன் பிடிக்கவேண்டும். கைப்பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவெல்லாம் சுற்றினால் கிருமிகள் போத்தலுக்குள்ளேயே பெருகி, சோதனை பொய் சொல்லும். ஒரு மில்லிலீற்றரில் ஒரு இலட்சம் கிருமிகள் இருந்தால் நோய் என்பது 1950களில் அமெரிக்க வைத்தியர் எட்வர்ட் காஸ் வகுத்த அளவு. எரிவுள்ள பெண்களில் நூறு கிருமிகளே போதுமான சான்றாகலாம் என்று 1982இல் வோல்ரர் ஸ்ராம் குழுவினர் காட்டினர். மறுபுறம், முதியோர் பலரின் சலத்தில் எவ்வித உபாதையும் இன்றியே கிருமிகள் இருக்கும். அதற்கு வழமையாக மருந்து வேண்டியதில்லை. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு நிறம் மாறும் காகிதத் துண்டுச் சோதனையை இங்கிலாந்தில் நம்புவதுமில்லை. கர்ப்பிணிகளின் நிலை வேறு. அவர்களுக்கு உபாதை இல்லாவிடினும் மருந்து கொடுக்கப்படும்.

இவ்வளவு வசதி இருந்தும் நோய் முற்றுவதற்கு வெட்கமும் ஒரு காரணம். பேரனை மொழிபெயர்க்க அழைத்துச்செல்லும் பாட்டி, அவன் முன்னிலையில் "வயிற்றுநோ" என்பதற்கு மேல் என்ன சொல்வார்? அவன் அதையே சொல்வான். வயிற்றெரிவுக் குளிசையோடு இருவரும் வீடு திரும்புவர். இதற்குள் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறினால் காய்ச்சல், நடுக்கம், விலாவின் பின்பக்க நோவு, சத்தி ஆகியன வரும். இரத்தத்திலும் கலந்தால் உயிருக்கே ஆபத்து. முதியவர் திடீரென்று தடுமாறிப் பேசினாலும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். அது வேறு நோயாகவும் இருக்கலாம்.

வைத்தியரின் வரவேற்பு மேசையில் முன்கூட்டிக் கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்குசெய்வார்கள். பெண் வைத்தியரையும் கேட்கலாம். 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் 16 முதல் 64 வயது வரையிலான, கர்ப்பிணியல்லாத பெண்களுக்குச் சாதாரண சலக்கடுப்பாயின், மருந்துக் கடைக்காரரே தனியறையில் விசாரித்து அன்ரிபயோட்டிக் கொடுக்கலாம். ஆண்களும் கர்ப்பிணிகளும் காய்ச்சல் உள்ளோரும் வைத்தியரிடமே செல்லவேண்டும்.