சட்டம் வந்தபின் இயக்கம் கலையலாமா? கேரிசன், பிலிப்ஸ், டக்ளஸ்

ஒரு கொடுமையைச் சட்டம் ஒழித்துவிட்டால், அதை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் பணி முடிந்துவிடுமா? அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மூத்த தோழர்களைப் பிரித்தது இக்கேள்வியே.

வில்லியம் லாயிட் கேரிசன் 1831இல் பாஸ்டன் நகரில் 'லிபரேட்டர்' இதழைத் தொடங்கினார். வெண்டல் பிலிப்ஸ் வழக்கறிஞர். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1837 முதல் இவ்வியக்கத்தின் முதன்மைப் பேச்சாளரானார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருவரும் இணைபிரியாத் தோழர்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்த நிலையில், 1865 மே மாதம் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் நியூயார்க்கில் கூடியது. பணி நிறைவேறிவிட்டதால் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்றார் கேரிசன். பிலிப்ஸ் மறுத்தார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸும் மறுத்தார். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கிடைக்கும்வரை அடிமைமுறை ஒழிந்ததாகாது, அது வேறு பெயரில் திரும்பி வரும் என்பது அவர் வாதம். கேரிசனின் தீர்மானம் 48க்கு எதிராக 118 வாக்குகளில் தோற்றது. அவர் விலகினார், பிலிப்ஸ் தலைவரானார். 13ஆம் திருத்தம் நிறைவேறிய அதே டிசம்பரில் 'லிபரேட்டர்' நின்றது. தோழமையில் விரிசல் விழுந்தது.

டக்ளஸின் எச்சரிக்கை விரைவிலேயே மெய்யானது. தென் மாநிலங்கள் 'கறுப்பர் சட்டங்களை' இயற்றின. வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கி, தண்டத்தொகை கட்ட இயலாதவர்களைப் பண்ணைகளுக்குக் கூலிக்கு விட்டன. இன அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15ஆம் திருத்தம் 1870இல் வந்தது. அதன் பின்னரே சங்கம் கலைந்தது.

திருத்தமும் வன்முறையை நிறுத்தவில்லை. 1879இல் லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் கான்சாஸ் நோக்கி வெளியேறினர். நோயுற்றிருந்த முதியவர் கேரிசன், அவர்களுக்கு ஆதரவாகப் பாஸ்டனில் கூடிய கூட்டத்திற்குக் கடிதம் எழுதினார். பணி முடிந்தது என்று 1865இல் கூறியவர், விடுதலை பெற்றோரின் உரிமைகள் மறுக்கப்படுவதை அதில் கண்டித்தார். சில வாரங்களில், மே 24 அன்று மறைந்தார்.

இதற்கிடையே பழைய நட்பு மீண்டிருந்தது. கேரிசனின் இறுதிச் சடங்கில் பிலிப்ஸ் உரையாற்றினார். 1851இலேயே அரசியல் சட்டம் குறித்து அவருடன் முரண்பட்டுப் பிரிந்த டக்ளஸ், வாஷிங்டனில் அஞ்சலியுரை நிகழ்த்தினார். கொள்கைப் பிளவு இவர்களுக்குத் தீராப் பகையாகவில்லை.

அமெரிக்க அடிமை ஒழிப்பாளர்களுக்கே 1873இல் தம் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் புலே. இந்திய அரசமைப்பின் 17ஆம் பிரிவு 1950இல் தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தேவைப்பட்டது. 1865இல் எழுந்த கேள்வி நம்முடையதும்தான். நம் தோழர்களிடையே அது எழும்போது, விவாதிப்போம், பிரிந்து போகாதிருப்போம்.