வானிலிருந்து சீசியத்தை அளத்தல்

அணு உலையிலிருந்து வெளியேறும் கதிரியக்கப் பொருள் காற்றோடு சென்று மழையோடு இறங்குவதால், அது படியும் நிலம் உலையைச் சுற்றி வட்டமாக அமைவதில்லை. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்தின்போது முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் 20 கி.மீ. வட்டத்துக்குள் இருந்தவர்களே, ஆனால் மார்ச் 15 அன்று வடமேற்காக வீசிய காற்றில் கலந்திருந்த சீசியம், ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலிருந்த ஈட்டாட்டே கிராமத்தின்மீது மழையும் பனியுமாக இறங்கியது. கடலோரத்திலிருந்து வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த அவ்வூர் மக்களுக்கே ஏப்ரல் 22 அன்றுதான் வெளியேறும் ஆணை வந்தது என்பது வேதனைக்குரியது. வடமேற்கே நீண்ட அந்தப் படிவின் உருவத்தை முழுமையாகக் காட்டியவை வானிலிருந்து எடுத்த அளவீடுகளே.

இதற்கான கருவியின் உயிர்நாடி, சிறிதளவு தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம். 10 செ.மீ. அகலமும் உயரமும் 40 செ.மீ. நீளமும் கொண்ட செங்கல் போன்ற இப்படிகங்களை நான்கு நான்காகப் பெட்டியில் அடுக்கி ஹெலிகாப்டரில் பொருத்துகிறார்கள். படிகத்துள் காமா கதிர் பாயும்போது தோன்றும் மின்னலின் பிரகாசம், கதிர் அங்கே விட்டுச்சென்ற ஆற்றலுக்கு ஏற்பக் கூடும் அல்லது குறையும். அதனால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் எண்ணிக்கை குவிந்தால் சீசியம்-137 என்றும், 1461-இல் குவிந்தால் மண்ணில் இயல்பாகவே உள்ள பொட்டாசியம்-40 என்றும் பிரித்தறியலாம். சீசியத்தின் கதிர்களில் பாதி, ஏறத்தாழ 75 மீட்டர் காற்றைக் கடப்பதற்குள் சிதறிவிடுவதால், பறக்கும் உயரத்தை நொடிக்கு நொடி பதிவுசெய்து கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது.

மாசு மிகுந்த இடத்தைக் கண்டறிவது எளிது. சிறிதளவே படிந்த இடத்தில்தான் இக்கலையின் நுட்பம் வெளிப்படுகிறது. பாறையிலுள்ள யுரேனியம், தோரியம் ஆகியவற்றிலிருந்து வரும் வலிய கதிர்கள் வழியில் சிதறி ஆற்றலை இழந்து சீசியத்தின் எல்லைக்குள்ளேயே வந்து விழுவதால், அவற்றின் பங்கை மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், காற்றிலுள்ள ரேடான் வாயு, ஹெலிகாப்டரின் உலோகம் ஆகியவற்றின் பங்கை அறிய, ஆய்வாளர்கள் கடல் அல்லது பெரிய ஏரியின்மேல் பறக்கிறார்கள். தரையின் கதிர்களை நீர் மறைத்துவிடுவதால், அங்கே பதிவாவது பெரும்பாலும் இம்மூன்றின் எண்ணிக்கையே.

எனினும், நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் கருவி, தனக்குக் கீழே சில நூறு மீட்டர் பரப்பின் சராசரியைத்தான் காட்டும். உழவின்போது மண்ணுக்குள் ஆழமாகச் சென்ற சீசியம் அதற்குக் குறைவாகவே தெரியும். கூரைநீர் வடிந்து தேங்கிய இடத்தில் குவிந்திருப்பதோ தனியே தெரியாது. ஆகவே, மண்மாதிரி எடுத்து வரைபடத்தைச் சரிபார்ப்பதோடு, ஒவ்வொரு வீட்டு முற்றத்தையும் கைக்கருவியோடு நடந்தே அளக்க வேண்டியிருக்கிறது.