அம்மா பாடிய ஊஞ்சல் பாட்டு

2006-ல் நடந்த என் தங்கையின் கல்யாணம் ஒரு டி.வி.டி. தட்டில் இருக்கிறது. அதில் ஊஞ்சல் பாட்டுப் பாடுகிறாள் அம்மா. இன்று அம்மா இல்லை. குரல் மட்டும் அந்தத் தட்டில்!

தட்டு கீறிப் போகுமுன் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'எம்.பி.4' ஆக மாற்ற உட்கார்ந்தேன். இலவசமாகக் கிடைக்கும் 'ஹேண்ட்பிரேக்' துணைக்கு வந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தால், அம்மா கை அசைக்கும்போதெல்லாம் சீப்புப் பற்களைப் போலக் கோடுகள்!

காரணம் இதுதான். பழைய வீடியோ ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு தவணையாகக் காட்டும். 'டீஇன்டர்லேஸ்' வசதியைப் போட்டதும் கோடுகள் மறைந்தன.

செல்போனில் எடுத்த படமானால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவதுண்டு. படங்கள் ஓடும் வேகம் அதில் கூடிக் குறையும். 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிப் பாருங்கள்.

பென்டிரைவில் ஏற மறுக்கிறதா? 'ஃபேட் 32' முறையில் அமைந்தது 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏற்காது. 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றினால் ஏற்கும். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் அவற்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

எதையும் முதலில் ஒரு நிமிஷத் துண்டில் சோதித்துக் கொள்ளுங்கள். மாற்றியதையே திரும்பத் திரும்ப மாற்றினால் படம் தேயும். மூலத்தை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்!

நல்லவேளை, நான் எறியவில்லை. நேற்று அம்மா மறுபடியும் பாடினாள். தங்கைதான் முழுவதும் கேட்காமல் எழுந்து போய்விட்டாள்.