வளரும் ஊரும் பள்ளிகளும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே பிரிஸ்கோ என்னும் ஊர் உள்ளது. இரயில் பாதையை ஒட்டித் தோன்றிய இவ்வூரில் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 34,000 பேர் வாழ்ந்தனர். 2020இல் அத்தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது.

அங்கு அரசுப் பள்ளிகளைப் 'பள்ளி மாவட்டம்' என்னும் தனி அமைப்பு நடத்துகிறது. மக்கள் தேர்ந்தெடுக்கும் எழுவர் குழு அதனை வழிநடத்துகிறது. வீடு, நிலம் ஆகியவற்றின் மீதான வரியே அதன் முதன்மை வருவாய். புதிய பள்ளிகள் கட்டக் கடன் பெற வேண்டுமாயின், மக்கள் வாக்களித்து இசைவு தருதல் வேண்டும்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் உண்டு. 2003க்கு முன் பிரிஸ்கோ மாவட்டத்தில் அத்தகைய பொதுப் பள்ளி ஒன்றே இருந்தது. 2022இல் 12ஆவது பள்ளி திறக்கப்பட்டது. சில பெரிய பள்ளிகளைக் கட்டினால் செலவு குறையும். ஆயினும், பள்ளி சிறிதாக இருந்தால் விளையாட்டிலும் இசையிலும் மிகுதியான மாணவர்க்கு வாய்ப்புக் கிட்டும் என அம்மாவட்டம் கருதியது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. புதிய பள்ளி திறக்கப்படும்போது, எத்தெரு எப்பள்ளிக்கு உரியது என்னும் எல்லை மாறுகிறது. அதனால் ஒன்றாகப் பயின்ற தோழர்கள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிந்து செல்ல நேரிடுகிறது.